விமான அறையும் விண்வெளிக் கதையும்: தேர்ந்துகொள்ள ஒரு வழிகாட்டி

விஞ்ஞானப் புனைகதைகளில் ஊறிய வாசகர்களுள் சிலருக்கு, அயல்நாட்டுப் பிரயாணத்தின் இடையே ஓர் இரவையேனும் விமானத்தின் சூழலில் கழிக்க வேண்டுமென்ற ஆவல் எழுவதுண்டு. அது நியாயமான ஆவலே. விண்கலங்களையும் அயற்கிரகங்களையும் சிருஷ்டித்த ஆசிரியர்களுள் கணிசமானோர், பேனாவைப் பிடிப்பதற்கு முன் விமானத்தின் விசைகளையோ ரேடார்க் கருவியையோ கையாண்டு பிழைத்தவர்கள். அவர்களுடைய கற்பனைக்கு மூலதனமாய் நின்ற அனுபவத்தில் ஒரு துளியையாவது நேரில் உணர விரும்புவது, அவர்களை மீண்டும் படிப்பதற்குச் செய்துகொள்ளும் நல்லதோர் ஆயத்தமாகும். அந்த ஆவலை நிறைவேற்றுவதாகச் சொல்லும் ஹோட்டல்களும் உலகில் பல இருக்கின்றன. ஓய்வுபெற்ற விமானத்தின் உடலையே அறைகளாகத் தடுத்தவை சில. அறைக்குள் விமானி அமரும் காக்பிட்டை அமைத்திருப்பவை சில. ஓடுபாதையைப் பார்த்த ஜன்னலை அளிப்பவை சில. விமானிகள் தங்கிய பழைய விடுதி என்ற சரித்திரத்தை மட்டுமே நம்பி நிற்பவையும் உண்டு. இவற்றில் எதற்கும் வாடகை சொற்பமல்ல. ஆதலால் எதைத் தேர்வது என்பதைச் சுவர்களில் தொங்கும் படங்களையும் தலையணை உறையில் பொறித்த இறக்கைச் சின்னத்தையும் கொண்டு தீர்மானிக்காமல், நாம் மதிக்கும் ஆசிரியர் ஆகாயத்தோடு எவ்விதமான சம்பந்தம் வைத்திருந்தார், அந்தச் சம்பந்தத்தின் எந்தப் பகுதியை இந்த அறை நமக்குக் காட்டும் என்ற இரண்டு கேள்விகளைக் கொண்டு தீர்மானிப்பதே உசிதம்.

முதலில் ஜீன் ராடன்பெரியை எடுத்துக்கொள்வோம். 1966-ல் 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடரைத் தொடங்கிய இவர், இரண்டாம் உலக மகாயுத்தத்தில் பசிபிக் அரங்கில் பி-17 குண்டுவீச்சு விமானத்தின் விமானியாக இருந்தவர். 1943 ஆகஸ்ட் 2ஆம் தேதி எஸ்பிரித்து சாந்தோ தீவில் அவர் கிளப்ப முயன்ற விமானம் மேலெழாமல் ஓடுபாதையைக் கடந்து மரங்களில் மோதியது. உடனிருந்தோரில் இருவர் மாண்டனர். யுத்தம் முடிந்தபின் பான் அமெரிக்கன் கம்பெனியில் விமானியாகச் சேர்ந்தார். 1947 ஜூன் மாதத்தில், கல்கத்தாவிலிருந்து நியூயார்க்குக்குச் செல்லும் வழித்தடத்தில், கராச்சியை விட்டு இஸ்தான்புல்லை நோக்கிப் புறப்பட்ட லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம் ஒன்றின் எஞ்சின் இரவில் தீப்பற்றியது. அன்று விமானத்தைச் செலுத்தும் பொறுப்பு அவருடையதாக இல்லை. எனினும் சீருடை அணிந்த உத்தியோகஸ்தர் என்ற முறையில் பிரயாணிகளின் நடுவே சென்று அவர்களுக்குத் தைரியம் சொல்லி, வரப்போகும் அதிர்ச்சிக்கு அவர்களை ஆயத்தப்படுத்தினார். சிரியாவின் பாலைவெளியில், யூப்ரடீஸ் நதியை அடுத்த மயாதீன் என்னும் ஊருக்கு அருகே விமானம் விழுந்தது. அதிலிருந்த 36 பேரில் 15 பேர் இறந்தனர். இரண்டு விலா எலும்புகள் முறிந்த நிலையிலும் ராடன்பெரி எரியும் உடலுக்குள்ளிருந்து ஆட்களை இழுத்து வெளியேற்றினார். மறு வருஷமே அந்த உத்தியோகத்தைத் துறந்தார்.

இந்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்திலுள்ள டி.டபிள்யூ.ஏ. ஹோட்டலைக் காட்டிலும் பொருத்தமான இடத்தை நான் சொல்ல முடியாது. ஈரோ சாரினென் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து, அவர் காலமான மறு வருஷமாகிய 1962-ல் திறக்கப்பெற்று, 2001-ல் மூடப்பட்டு, நெடுங்காலம் பாழ்பட்டுக் கிடந்த விமானக் கூடம், 2019 மே மாதத்தில் ஹோட்டலாகப் புனர்ஜன்மம் எடுத்தது. அங்கே வெளியில் நிறுத்தப்பட்டிருப்பது 1958-ல் கட்டப்பெற்ற கான்ஸ்டலேஷன் விமானம். ராடன்பெரி விழுந்த ரகத்தின் பிற்கால வாரிசு. அலாஸ்காவில் சரக்கு ஏற்றியும், பின்னர் கள்ளச்சரக்குக் கடத்துவோர் கையில் அகப்பட்டும் சீரழிந்த அவ்விமானத்தைச் செப்பனிட்டு, 2019 மார்ச்சில் டைம்ஸ் சதுக்கத்தின் வழியே தெருவில் இழுத்து வந்து சேர்த்தார்கள். இப்பொழுது அது மதுபானம் பரிமாறும் கூடம். அதற்குள் படுக்கை இல்லை என்பதைக் கேட்டு ஏமாற்றமடைய வேண்டாம். நமக்கு வேண்டியது அதன் மூக்குப் பகுதியில் இருக்கிறது. அங்குள்ள காக்பிட்டைச் சற்று நேரம் நின்று பாருங்கள். நான்கு எஞ்சின்களுக்கும் தனித்தனியே நெம்புகோல்கள், கையகலக் கண்ணாடி வட்டங்களுக்குள் நடுங்கும் முட்களுக்கென அமைந்த அளவுமானிகள், இரு விமானிகளும் தோளோடு தோள் உரச அமரும் குறுகிய ஆசனங்கள். சமுத்திரங்களைத் தாண்டிய அக்கால விமானத்தில் இவர்களோடு திசை கணிப்பவர், வானொலி இயக்குபவர், எஞ்சின்களைக் கவனிக்கும் பொறியாளர் ஆகியோரும் தத்தம் ஸ்தானத்தில் இருப்பார்கள். 'எண்டர்பிரைஸ்' விண்கலத்தின் தலைமைக் கூடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சுக்கான் பிடிக்கும் ஸூலு, திசை கணிக்கும் செக்கோவ், செய்திக் கருவியை அகலாத உஹூரா, எஞ்சின் அறையிலிருந்து எச்சரிக்கும் ஸ்காட்டி, இவர்கள் அனைவரின் சொல்லையும் கேட்டு ஒரு கணத்தில் முடிவெடுக்க வேண்டிய தலைவர். இந்த அமைப்பில் கடற்படை மரபின் சாயல் உண்டென்பது உண்மையே. ஆனால் நானூறுக்கு மேற்பட்ட உயிர்களைச் சுமந்து செல்லும் ஒருவன் ஆபத்தில் முதலில் அவ்வுயிர்களை எண்ணுகிறான் என்ற அந்தத் தொடரின் உயிர்நிலை, மயாதீன் பாலையில் ஓர் இரவைக் கழித்த விமானியின் நெஞ்சிலிருந்து வந்ததென்றே நான் நம்புகிறேன்.

அறையைத் தேர்வதில் இங்கே ஒரு விவரம் முக்கியம். சாரினெனின் பழைய கட்டடத்தில் தங்கும் அறைகள் கிடையா. அதன் பின்புறம் புதிதாக எழுப்பிய இரு பகுதிகளில்தான் 512 அறைகளும் இருக்கின்றன. அவற்றில் சில பழைய கூடத்தைப் பார்த்தவை. சில ஓடுபாதையைப் பார்த்தவை. அறைகலன்களும் சுழல்வட்டு டெலிபோனும் எல்லா அறையிலும் ஒன்றே. பார்வை ஒன்றே பேதம். கட்டடக்கலையில் ஈடுபாடுள்ளவர்கள் முன்னதைக் கேட்கலாம். நம்முடைய நோக்கத்துக்கு ஓடுபாதை பார்த்த அறையே வேண்டும்; வாடகை கூடுதலானாலும் அங்கே சிக்கனம் பார்க்கலாகாது. கண்ணாடிச் சுவர் 4½ அங்குலக் கனமுள்ளதாகையால், ஜெட் விமானம் எதிரே எழும்போதும் உறக்கம் கலையாது.

அந்த ஜன்னலருகே அமர்பவர்கள் வேறொரு பெரியவரையும் நினைக்க இடமுண்டு. 1956 முதல் இலங்கையைத் தாயகமாகக் கொண்டு, 2008-ல் கொழும்பிலேயே காலமான ஆர்தர் கிளார்க், யுத்த காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையில் சேவை செய்தும் விமானியாக இருக்கவில்லை. மூடுபனியில் வழி தெரியாது தவிக்கும் விமானத்தை ரேடாரில் கண்டு, தரையிலிருந்தே குரல் கொடுத்து இறக்கும் புதிய முறையைப் பரீட்சித்த குழுவில் அவர் உத்தியோகஸ்தர். ஒரு திரை விமானம் வலப்புறமோ இடப்புறமோ விலகுவதைக் காட்டும். மற்றொரு திரை அது வரவேண்டிய சரிவுக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழே தாழ்ந்துவிட்டதா என்பதைக் காட்டும். அவ்விரண்டையும் கவனித்து, பதற்றமற்ற குரலில் திருத்தங்களைச் சொல்லிக்கொண்டே வந்தால், எதையும் காணாத விமானி ஓடுபாதையின் வாயிலில் வந்து நிற்பான். இந்த அனுபவத்தையே கருவாகக் கொண்டு 1963-ல் 'கிளைட் பாத்' என்ற நாவலை எழுதினார். அவருடைய நாவல்களில் விஞ்ஞானப் புனைகதை அல்லாதது அதுவே. பூமியின் சுழற்சியோடு இணைந்து ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக் கோள்களின் மூலம் உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945-ல் அவர் எழுதிய கட்டுரையிலும், தூரத்திலிருக்கும் ஒருவனுக்குக் குரல் எட்ட வேண்டுமென்ற அதே கவலை வேறு உருவில் வெளிப்படுவதாக எனக்குப் படுகிறது. பொழுது சாய்ந்தபின் ஜே.எஃப்.கே.யின் வானத்தில் இறங்கும் விமானங்களின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சீரான இடைவெளியில் தோன்றி, ஆடாமல் அசையாமல் தாழ்ந்து வருவதைப் பார்ப்பவர்களுக்கு, அந்த ஒழுங்கின் பின்னே கண்ணுக்குத் தெரியாத ஒருவரின் குரல் இருக்கிறதென்பது விளங்கும்.

இதில் ஒரு தடங்கலும் உண்டு. விமானங்கள் காற்றை எதிர்த்தே எழவும் இறங்கவும் வேண்டுமாதலால், காற்றின் திசைக்கேற்ப உபயோகிக்கும் ஓடுபாதை மாறும். ஆகவே ஓடுபாதை பார்த்த அறையை எடுத்தும், ஒரு மாலை முழுவதும் போக்குவரத்து வேறு பக்கத்தில் நடந்து, எதிரே வெறும் தளம் மட்டும் கிடப்பதுண்டு. இது ஹோட்டலின் குற்றமல்ல. இரண்டு இரவுகள் தங்கினால் இந்த அபாயம் பெரிதும் குறையும்.

தம் கையால் விசையைப் பிடித்துப் பார்க்க வேண்டுமென்பவர்களுக்கு டோக்கியோவின் ஹனேடா விமான நிலையம் ஏற்றது. அங்குள்ள ஹனேடா எக்ஸெல் ஹோட்டல் டோக்யூவில், 2019-ல், போயிங் 737-800 விமானத்தின் சிமுலேட்டரைப் படுக்கையறைக்குள்ளேயே அமைத்து ஓர் அறையைத் திறந்தார்கள். பாவனைக் காக்பிட் என்றாலும் விமானியின் பார்வைக்கெட்டும் கருவிகளெல்லாம் அங்கே இருக்கின்றன. ஆனால் வாடகை கொடுத்த மாத்திரத்தில் அதை இயக்க உரிமை கிடைத்துவிடாது; தனிக் கட்டணம் செலுத்தி, பயிற்றுநர் ஒருவர் உடனிருக்கும் 90 நிமிஷ நேரத்துக்கு மட்டுமே அனுமதி. அந்தக் கூடுதல் தொகையைக் கொடுக்க மனமில்லாதவர்கள் இவ்வறையை எடுப்பதில் பயனில்லை. இரவு முழுவதும் தொடக்கூடாத பொருள் ஒன்றின் அருகே படுத்திருக்க நேரும். கொடுப்பவர்களுக்கோ இது மற்ற எந்த அலங்கார அறையும் தராத ஓர் உண்மையைத் தரும்: விமானத்தை ஓட்டுவதென்பது வீர சாகசத்தைக் காட்டிலும் இடைவிடாத கவனத்தின் வேலை. உயரத்தைச் சரிசெய்வதற்குள் வேகம் மாறிவிடும்; வேகத்தைத் திருத்துவதற்குள் திசை நழுவிவிடும்.

ஜப்பானிய அறையாதலால் அந்நாட்டுக் கலைஞர்களோடு இதை இணைத்துப் பேசுவது இயல்பு, ஆயினும் மிகைப்படுத்தலாகாது. ஹயாவோ மியாசாகி விமானி அல்லர். 1941-ல் அவர் பிறந்த குடும்பம் யுத்தகாலத்தில் 'ஸீரோ' விமானங்களுக்குச் சுக்கான்களைச் செய்து கொடுத்த தொழிற்சாலையை நடத்தியது. 'யமாட்டோ' என்ற விண்வெளிப் போர்க்கப்பலின் கதையில் பெரும் பங்கு கொண்டவரும் 'கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999'-ஐச் சிருஷ்டித்தவருமான லெய்ஜி மாட்சுமோட்டோவின் தந்தை ராணுவ விமானி. இவ்விருவரும் பிள்ளைப் பிராயத்தில் ஆகாயத்தை வீட்டுப் பெரியோர் மூலமாகவே அறிந்தவர்கள். மியாசாகியின் படங்களில் விமானத்தின் மீதுள்ள பேரன்பும், அது அழிவுக்குப் பயன்பட்டதைப் பற்றிய துயரமும் பிரிக்க முடியாதபடி கலந்திருப்பதற்கு அந்தத் தொழிற்சாலையே மூலம். அவரை நாடிச் செல்பவர்கள், காக்பிட் அறைக்குச் செலவிடும் பணத்தைச் சேமித்து, அதே நிலையத்தின் பார்வை மாடத்தில் ஒரு பகற்பொழுதைக் கழித்தாலே போதும்.

விமானத்தின் உடலுக்குள்ளேயே உறங்குவது மூன்றாவது வழி. ஸ்டாக்ஹோமின் ஆர்லாண்டா நிலையத்தருகே 2009-ல் திறக்கப்பெற்ற 'ஜம்போ ஸ்டே' இவற்றில் பிரசித்தி பெற்றது. 1976-ல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்காகக் கட்டப்பட்டு, பிற்பாடு பான் அமெரிக்கனுக்கும் பறந்த போயிங் 747 அது. 1968-ல் வெளியான '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில் பிரயாணிகளை விண்வெளி நிலையத்துக்கு அழைத்துச் செல்லும் கலத்தின் மேல் பான் அமெரிக்கனின் சின்னமே தீட்டப்பட்டிருந்ததை நினைப்பவர்களுக்கு, அந்தக் கம்பெனியே 1991-ல் மறைந்த பின் அதன் விமானமொன்று தரையில் படுக்கைகளைத் தாங்கி நின்றது மனத்தைத் தொடும். அப்படத்தை எடுத்த ஸ்டான்லி கியூப்ரிக், விமானம் ஓட்ட உரிமம் பெற்றிருந்தும், பிற்காலத்தில் விமானமேறவே மறுத்தவர் என்பதையும் இவ்விடத்தில் சொல்லலாம்.

எனினும் இவ்வகை அறைகளைப் பொதுவாக நான் இரண்டாம் ஸ்தானத்திலேயே வைப்பேன். விமானத்தின் சுவர் வளைந்து வருமாதலால் நிமிர்ந்து நிற்கும் இடம் சுருங்கும். ஜன்னல்கள் பிரயாணிகளுக்கென அளந்த அதே சிறு ஜன்னல்கள். மலிவான அறைகளுக்குக் குளியலறை பொதுவாயிருக்கும். இவற்றையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். பெரிய குறை, விமானத்தை விமானமாக்கும் சலனம் அங்கே இல்லாமற் போவதே. நெதர்லாந்தின் டூகே நிலையத்தில், கிழக்கு ஜெர்மனியின் தலைவர்களைச் சுமந்த இல்யூஷின்-18 முழுவதையும் ஒரே தம்பதிக்கு விடுகிறார்கள். கோஸ்டாரிகாவின் மானுவல் அன்டோனியோ காட்டில், 1965-ஆம் வருஷத்துப் போயிங் 727-ன் உடலை உயரமான தூண்மேல் ஏற்றித் தேக்குப் பலகை வேய்ந்திருக்கிறார்கள். தேனிலவுக்குச் செல்வோருக்கு இரண்டும் சிறந்தவை. குழந்தைகளோடு செல்லும் குடும்பத்துக்கு விமான உடலுக்குள் ஓர் இரவு மறக்க முடியாத அனுபவமாகும் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் ஆசிரியர்களைத் தேடிச் செல்பவர்கள் அங்கே அவர்களைக் காணமாட்டார்கள்.

கடைசியாக, விமானமே இல்லாத ஒரு விடுதியைச் சிபாரிசு செய்கிறேன். பிரான்ஸின் துலூஸ் நகரில், கேபிடோல் சதுக்கத்தை ஒட்டியுள்ள 'கிராண்ட் பால்கன்' ஹோட்டலில்தான், ஆப்பிரிக்காவுக்குத் தபால் சுமந்த ஒரு கம்பெனியின் விமானிகள் தங்கினார்கள். 1926-ல் அக்கம்பெனியில் சேர்ந்த அந்துவான் து செந்த்-எக்சுபெரியும் அவர்களுள் ஒருவர். புதிதாகச் சேரும் விமானி எத்தனை தேர்ச்சி பெற்றவனானாலும், முதலில் பட்டறையில் எண்ணெய்க் கறையோடு எஞ்சின்களைக் கழற்றிப் பூட்ட வேண்டுமென்பது அங்கே நியதி. அவர் தங்கிய 32ஆம் எண் அறை அக்காலத்துப் பாங்கில் பேணப்படுகிறது. அவரை விஞ்ஞானப் புனைகதை ஆசிரியராகக் கொள்ளலாமா என்று சிலர் கேட்கக்கூடும். சிறு கிரகத்திலிருந்து பாலைவனத்தில் இறங்கும் ஒரு பிள்ளையின் கதையை 1943-ல் எழுதியவர், அதற்கு எட்டு வருஷங்களுக்கு முன் தம் விமானத்தோடு லிபியப் பாலையில் விழுந்து, தாகத்தால் சாகும் தறுவாயில் நாடோடி ஒருவரால் காப்பாற்றப்பட்டவர். மானுடம் அற்ற வெளியில் ஒரு குரல் கேட்பது எத்தகையது என்பதை அவரளவு அறிந்து எழுதியவர்கள் அரியர். ஆதலால் அவருக்கு இங்கே இடமுண்டென்பது என் தீர்மானம். 32ஆம் எண் அறை கிடைக்காவிட்டால் வேறு அறையில் தங்கினாலும் குறைவில்லை. விமானிகள் விடியுமுன் புறப்பட்டுச் சென்ற மோந்தோத்ரான் திடலில், அந்தத் தபால் பாதையின் சரித்திரத்தைச் சொல்லும் அருங்காட்சியகம் 2018 முதல் நடைபெறுகிறது. ஒரு பகலை அதற்கென ஒதுக்குங்கள்.

எந்த அறையையும் நான் சிபாரிசு செய்ய மாட்டாத ஓர் ஆசிரியரும் இருக்கிறார். வால்ட்டர் மில்லர், இத்தாலியின் மேல் ஐம்பதுக்கு மேற்பட்ட தடவைகள் பறந்த குண்டுவீச்சு விமானங்களில் வானொலி இயக்குபவராகவும் வால்புறத் துப்பாக்கி வீரராகவும் இருந்து, மான்டே கஸினோ மடாலயத்தை அழித்த தாக்குதலில் பங்குகொண்டவர். உலகம் அணுகுண்டால் நாசமான பிறகு எஞ்சிய ஏடுகளைக் காக்கும் துறவிகளைப் பற்றிய 'எ கான்டிகிள் ஃபார் லைபோவிட்ஸ்' 1959-ல் அவரிடமிருந்து வந்தது. யுத்த விமானத்தின் சாயலில் மஞ்சமும் மதுக்கூடமும் அமைத்து உல்லாசத்துக்கு விடும் அறைகளை, அவரைப் படித்தவர்கள் தவிர்ப்பது நலம். அவருக்கென ஓர் இடத்தைத் தேடுபவர்கள் மீண்டும் கட்டப்பெற்ற அந்த மடாலயத்துக்கே செல்லலாம்.

இனிச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தகைய ஹோட்டல்கள் அடிக்கடி கைமாறுவதும், சில காலம் மூடிக்கிடப்பதும் சகஜமாதலால், அறை நடப்பில் இருக்கிறதா, தனிக் குளியலறை உண்டா, ஜன்னல் எத்திசை பார்த்தது, சிமுலேட்டர் நேரத்தை எத்தனை நாள் முன்னதாகப் பதிய வேண்டும் என்பவற்றை எழுத்து மூலம் கேட்டு அறிந்த பின்னரே விமானச் சீட்டை வாங்க வேண்டும். நியூயார்க்கில் விமானம் மாறக் காத்திருக்கும் சில மணி நேரம் மட்டுமே உள்ளவர்கள், டி.டபிள்யூ.ஏ. ஹோட்டலில் இரவு தங்காமலே பகல் வாடகைக்கு அறை எடுக்கலாம். அறையே எடுக்காதவர்களும் பழைய கூடத்தைச் சுற்றிப் பார்க்கத் தடையில்லை. ஒரே இடத்துக்குத்தான் வசதி என்பவர்கள், மாலைக் கூட்டம் சேருமுன் கான்ஸ்டலேஷனின் காக்பிட்டைப் பார்த்துவிட்டு, ஓடுபாதை பார்த்த மேல்மாடி அறையைக் கேட்டுப் பெற்று, கையோடு 'கிளைட் பாத்' நாவலை எடுத்துச் செல்லுங்கள். அதை வாங்க அங்கே புத்தகக் கடை தேட நேரமிராது.